போகும்போதும் முன்வாசலால் போங்கள்

போன வருடம் செப்டம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பிளேன்டியும் கையுமாக விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். பேருவளையிலிருந்து என் தங்கையும் அவளது மூத்த மகளும் வந்து சேர்ந்தார்கள். மகளின் கையில் ஓர் இனிப்புப் பெட்டி. முகத்தில் அதைவிடப் பெரிய இனிப்பு.

"மாமா, கம்பனியில என்னை நேரடியா எடுக்கப் போறாங்க! அடுத்த மாதம் முதலாந் திகதியே வரச் சொல்றாங்க."

விடயம் இதுதான். அவள் கணக்கு எழுதும் வேலை செய்கிறாள். காலை ரயிலில் புறப்பட்டு, கொள்ளுப்பிட்டியிலுள்ள ஓர் இறக்குமதிக் கம்பனியில் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். ஆனால் அவள் அந்தக் கம்பனியின் ஊழியர் அல்ல. அவளுக்கு நியமனக் கடிதம் கொடுத்ததும் மாதச் சம்பளம் கொடுப்பதும் ஓர் ஏஜென்ஸி. 'மேன்பவர்' என்று நாம் சொல்கிறோமே, அந்த வகை. கம்பனி ஆள் கேட்கும், ஏஜென்ஸி ஆளை அனுப்பும், மாத முடிவில் கம்பனி ஏஜென்ஸியின் பில்லைக் கட்டும். இன்று எத்தனையோ கந்தோர்களிலும், களஞ்சியங்களிலும், தொழிற்சாலைகளிலும் நம் பிள்ளைகள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

"ஏஜென்ஸி எனக்குத் தாரது 52,000. கம்பனி 58,000 தாரதாச் சொல்லுது. இன்னொரு விஷயம் தெரியுமா மாமா? எனக்காகக் கம்பனி ஏஜென்ஸிக்கு மாதம் 72,000 கட்டுதாம். இவ்வளவு நாளும் இருபதாயிரத்தை அடிச்சிருக்கிறாங்க! நாளைக்கே கடிதத்தைக் குடுத்திட்டுப் போகப் போறேன்."

தங்கைக்கும் சந்தோஷம். "ஆகஸ்டில கலியாணமும் வருது நானா. ஆறாயிரம் கூடினா பெரிய உதவிதானே?" என்றாள்.

உதவிதான். ஆனால் நான் இனிப்புப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துவரச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் கம்பனிகளின் ஆளணிப் பிரிவிலே சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். அந்தப் பழக்கம் போகுமா?

இருபதாயிரம் எங்கே போகிறது?

முதலில் கோபத்தைக் கணக்காக மாற்றுவோம் என்றேன். 52,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 12 சதவீதம் கட்டவேண்டும். அது 6,240 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம். அது 1,560 ரூபா. இவை இரண்டும் ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிப்பவை அல்ல, முதலாளி மேலதிகமாகக் கட்டுபவை. நம் சம்பளத்திலிருந்து கழிபடுவது சேமலாப நிதிக்கான 8 சதவீதம் மட்டுமே. ஆக, செலவு 59,800 ஆகிவிட்டது. பின்னொரு நாளில் கொடுக்கவேண்டிய பணிக்கொடைக்காக மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2,170 ரூபா ஒதுக்கவேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 62,000. மிச்சம் பத்தாயிரம் அளவில். அதில்தான் ஏஜென்ஸியின் கந்தோர்ச் செலவும் இலாபமும் அடங்குகின்றன.

"அப்ப இருபதாயிரம் இல்லையா?" என்று கேட்டாள். குரல் சற்று இறங்கியிருந்தது.

"இல்லை, மகள். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார். கம்பனி உனக்கு 58,000 தந்தால், இரண்டு நிதியங்களுக்கும் 8,700, பணிக்கொடைக்கு ஏறத்தாழ 2,400. மொத்தம் 69,100 அளவில். இன்று கட்டும் 72,000 ஐ விட அவர்களுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மிச்சம். 60,000 தந்தாலும் அவர்களுடைய செலவு 71,500 தான். ஆகவே, அறுபது கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை."

வாசகர்களே, ஏஜென்ஸியிலிருந்து நேரடி வேலைக்குப் போகும் எவரும் முதலில் போடவேண்டிய கணக்கு இது. பழைய சம்பளத்தோடு புதிய சம்பளத்தை ஒப்பிட்டால் ஆறாயிரம் பெரிதாகத் தெரியும். கம்பனி இன்று உங்களுக்காக எவ்வளவு செலவழிக்கிறது என்பதோடு ஒப்பிட்டால்தான் நியாயமான தொகை எதுவென்று தெரியும்.

நான்கு மாதத்தின் விலை

அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டேன். "ஏஜென்ஸியில் எப்போது சேர்ந்தாய்?"

"ஜனவரி நடுவில. வாற ஜனவரியோட அஞ்சு வருஷம்."

பேனையைக் கீழே வைத்தேன். நாலு வருடமும் எட்டு மாதமும் முடிந்திருக்கிறது. இந்த நேரத்திலா போவது?

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம் நம்மில் பலருக்குத் தெரியாது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளியிடம் ஐந்து வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்கவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கான கணக்கு இது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, தாமாக விலகியவருக்கும் இந்த உரிமை உண்டு. விலகி 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். ஆனால் நாலு வருடமும் பதினொரு மாதமும் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஒரு சதமும் இல்லை.

அவளுடைய முதலாளி ஏஜென்ஸிதான், கம்பனி அல்ல. ஒரே மேசையில், ஒரே கதிரையில் உட்கார்ந்திருந்தாலும், கம்பனியில் சேரும் நாளில் அவளுடைய சேவைக்காலம் பூச்சியத்திலிருந்து ஆரம்பமாகும்.

கொப்பியில் எழுதினேன். அரை மாதச் சம்பளம் 26,000. ஐந்து வருடத்துக்கு 1,30,000 ரூபா. ஒக்டோபரில் போனால் இது போய்விடும். பெப்ரவரிவரை பொறுத்தால் இழப்பது நான்கு மாதத்து ஆறாயிரங்கள், அதாவது 24,000. நிதியங்களின் பங்கையும் சேர்த்தால் இன்னும் சில ஆயிரம். விட்டுப்போகும் ஒன்றே கால் இலட்சத்துக்கு மேற்பட்ட பணத்தை, மாதம் ஆறாயிரம் வீதம் திரும்ப உழைக்க இருபத்தொரு மாதத்துக்கு மேலாகும்.

தங்கை வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இதை ஒருத்தரும் சொல்லல்லியே நானா!"

"கம்பனி நாலு மாசம் பொறுக்காட்டி?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. வந்த வேலை கைநழுவிப் போகவும் கூடும். பொறுக்க மாட்டோம் என்றால், இழக்கும் தொகையை எடுத்துச் சொல்லி, சம்பளத்தைக் கூட்டியோ ஒரு தடவைக் கொடுப்பனவாகவோ ஈடுசெய்யக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால், தெரிந்துகொண்டே இழக்கலாம். தெரியாமல் இழப்பதுதான் பரிதாபம்.

புதிய கடிதத்தில் என்ன இருக்கிறது?

நேரடி வேலை என்றாலே நிரந்தர வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நியமனக் கடிதத்தை வாசித்த பிறகே பழைய வேலைக்கு விலகல் கடிதம் எழுதவேண்டும். 'கடிதம் பிறகு தருவோம், முதலில் வாருங்கள்' என்ற வார்த்தையை நம்பி இரண்டு வேலையும் இல்லாமல் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? குறித்த கால ஒப்பந்தமா, நிரந்தரமா? பேசிய சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு? வாழ்க்கைச் செலவுப்படி போன்றவையும் சேமலாப நிதிக் கணக்கில் சேரும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. அடிப்படையைச் சிறிதாகக் காட்டி மற்றதை வேறு பெயர்களில் தந்தால் இழப்பு நமக்கே.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணங்களுக்காக ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் வேலைநீக்கம் செய்ய முடியாது என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். ஆனால் 180 நாள் சேவை இல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதாவது, புதிய இடத்தில் முதல் ஆறு மாதமும் நீங்கள் மெலிந்த கயிற்றில்தான் நடக்கிறீர்கள். அந்த நாட்களுக்கென்று கையில் கொஞ்சம் பணம் இருப்பது நல்லது.

விடுமுறையும் அப்படியே. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த விடுமுறை இல்லை. இரண்டு மாத சேவைக்கு ஒரு நாள் வீதம் அமய விடுமுறை மட்டும் உண்டு. அடுத்த வருடத்து வருடாந்த விடுமுறை, சேர்ந்த மாதத்தைப் பொறுத்து 14, 10, 7, 4 நாட்கள் என்று அமையும். பெப்ரவரியில் சேரும் பெண்ணுக்கு ஆகஸ்டில் கலியாணம் என்றால் என்ன செய்வது? "அதையும் இப்பவே கேட்டு, கடிதத்தில் எழுதி வாங்கு" என்றேன். "கலியாணத்தை மறைத்துக்கொண்டு சேராதே."

நிதியங்களைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. சேமலாப நிதிப் பணம் ஏஜென்ஸியின் பெட்டியில் இல்லை, மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. புதிய முதலாளியிடம் புதிய அங்கத்துவ இலக்கம் கிடைக்கும். பழைய இலக்கத்தையும் பத்திரமாக எழுதி வையுங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டிலும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். விலகுமுன், ஒவ்வொரு மாதமும் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். குறை இருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

கிராண்ட்பாஸ் களஞ்சியம்

இவ்வளவும் பணக் கணக்கு. மகள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டாள். பிறகு, "ஏஜென்ஸிக்குச் சொல்லாம ஜனவரி கடைசியில நிண்டுட்டாச் சரிதானே?" என்றாள்.

அப்போதுதான் நான் வீட்டில் எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எனக்கு இருபத்து மூன்று வயது. ஓர் ஏஜென்ஸி எங்கள் ஐந்து பேரைக் கிராண்ட்பாஸிலிருந்த ஒரு களஞ்சியத்துக்கு அனுப்பியிருந்தது. எங்களில் மூத்தவர் ஒரு நானா. ஐந்து பிள்ளைகளின் தகப்பன். சரக்கு அட்டை எழுதுவதையும் மூட்டைக் கணக்கைச் சரிபார்ப்பதையும் எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். ஒருநாள் களஞ்சிய முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, நேரடியாக வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை ஏஜென்ஸியிடம் சம்பளம் வாங்கினேன். திங்கட்கிழமை கம்பனிக்காரனாக உள்ளே நுழைந்தேன். முன்னறிவித்தலும் இல்லை, கடிதமும் இல்லை. என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏஜென்ஸிக்கும் கம்பனிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. அனுப்பிய ஆளை இத்தனை மாதத்துக்கு எடுக்கக் கூடாது, எடுத்தால் இவ்வளவு தொகை கட்டவேண்டும் என்று. எனக்கு அது தெரியாது. கம்பனி மறுத்தது, ஏஜென்ஸி கோபித்தது. அந்த மாதமே மற்ற நால்வரையும் ஏஜென்ஸி மீளப் பெற்றுக்கொண்டது. இளைஞர் மூவரும் எப்படியோ வேறிடம் தேடிக்கொண்டார்கள். நானாவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை.

பிறகு ஒருநாள் மருதானை பஸ் தரிப்பிடத்தில் அவரைச் சந்தித்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"தம்பி, ஒரு சொல் சொல்லியிருந்தா நானும் ஒரு இடம் பாத்திருப்பேனே" என்றார். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

நான் எடுத்த வேலை பிழையல்ல. உழைப்பவன் நல்ல இடத்துக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நான் வெளியே வந்த வழிதான் பிழை. கொடுத்த வாக்கை முடித்துவிட்டுப் போவது நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்த பாடம். பணத்தைக் கண்டதும் அந்தப் பாடம் எனக்கு மறந்துபோயிற்று.

"உன்னோட ஏஜென்ஸியால வந்தவங்க அந்தக் கம்பனியில எத்தனை பேர்?" என்று மகளிடம் கேட்டேன்.

"மூணு பேர்" என்றாள். பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

கடல் கடந்த பிள்ளைகளுக்கும்

இந்தப் பத்தியை வாசிக்கும் குடும்பங்களில் பலருடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அங்கும் ஆள் வழங்கும் கம்பனியின் விசாவில் போய், வேறொரு கம்பனியின் வேலைத்தளத்தில் நிற்பவர்கள் பலர். 'நேரடியாக வா' என்ற அழைப்பு அவர்களுக்கும் வருகிறது.

இங்கே பின்வாசலால் போனால் பெயர் கெடும். அங்கே பின்வாசலால் போனால் 'ஓடிப்போனவர்' என்ற முறைப்பாடு விழும், வதிவிட அனுமதியே ஆபத்தாகும். முன்வாசல் முன்பைவிட இப்போது அகலமாக இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கத்தாரில் 2020 இல் செய்த சட்டத் திருத்தங்களின்படி, பழைய முதலாளியின் ஆட்சேபனையில்லாக் கடிதம் இன்றியே வேலை மாறலாம். இரண்டு வருடம்வரை வேலை செய்தவர் ஒரு மாத முன்னறிவித்தலும், அதற்கு மேல் வேலை செய்தவர் இரண்டு மாத முன்னறிவித்தலும் கொடுக்கவேண்டும். சவூதி அரேபியாவிலும் 2021 மார்ச்சில் வேலை மாறும் வழி இலகுவாக்கப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் வீட்டுப் பணிப்பெண்களையும் வீட்டுச் சாரதிகளையும் உள்ளடக்கவில்லை. எந்த நாடானாலும், மாற்றம் அரசாங்கப் பதிவில் முடிந்த பின்னரே புதிய இடத்தில் வேலையைத் தொடங்கவேண்டும். 'முதலில் வா, கடதாசி பிறகு' என்ற பேச்சை அங்கே ஒருபோதும் நம்பவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெட்டி திறந்த கதை

மகள் அடுத்த நாளே கம்பனியின் கணக்காளரைச் சந்தித்து மூன்று விடயங்களைச் சொன்னாள். பெப்ரவரியில் வரலாமா? சம்பளம் அறுபதாயிரம் ஆகுமா? ஏஜென்ஸியுடன் கம்பனியே பேசிக்கொள்ளுமா? நாலு வருடமும் எட்டு மாதமும் அவள் வேலையைக் கண்டிருந்த மனிதர் அவர். பெப்ரவரிக்குச் சம்மதித்தார். சம்பளம் 59,500 இல் நின்றது. கலியாணத்துக்கு ஐந்து நாள் விசேட விடுமுறை என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி ஏறியது.

ஏஜென்ஸியின் உடன்படிக்கையிலும், நான் பயந்ததுபோல், ஆளை எடுத்தால் தொகை கட்டவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கம்பனி அதைப் பேசிக் கட்டியது. ஊழியரிடம் கேட்கவேண்டிய பணம் அல்ல அது, கம்பனிக்கும் ஏஜென்ஸிக்கும் இடையிலான கணக்கு. மகள் டிசம்பர் கடைசியில் விலகல் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி, சேவைச் சான்றிதழும் கேட்டாள். முகாமையாளர் முகத்தைச் சுளித்தாராம். ஆனாலும் எழுந்து நின்று, "நல்லா இருங்க" என்று சொல்லி அனுப்பினாராம். மற்ற மூன்று பேரும் அதே கம்பனியில், அதே மேசைகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, தனக்கு ஐந்து வருடம் எப்போது பூர்த்தியாகும் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருக்கிறாளாம்.

பெப்ரவரி கடைசியில் பணிக்கொடைக் காசோலை வந்தது. ஒரு இலட்சத்து முப்பதாயிரம். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னோர் இனிப்புப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை நானே திறந்தேன்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படியொரு செய்தியோடு வந்து நிற்கக்கூடும். சந்தோஷப்படுங்கள். பிறகு ஒரு கொப்பியை எடுத்து, சேர்ந்த திகதியைக் கேளுங்கள். கூடவே, அங்கே இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நானாவிடம் நான் சொல்லாத அந்த ஒரு சொல்லை அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.